முனியாண்டிக்கு அடுத்த இலை

மலாயாவில், குளுவாங் ஸ்டேஷனில் ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும். தண்ணீர் பிடிப்பது என்னவோ எஞ்சின்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் பாதி ரயில் காலியாகி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே ஓடும். வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் அங்கம்மாவின் தள்ளுவண்டி. சோறும் மீன் குழம்பும் உண்டு, வேறொன்றும் கிடையாது. ரசம் கேட்டவனை அவள் புருஷன் காளியப்பன் ஒரு மாதிரி பார்ப்பான். மோர் கேட்டவனை உட்காரவே விடமாட்டான். அப்படியும் கூட்டம் குறையவில்லை. கெமாஸில் ரயில் ஏறும்போதே குளுவாங் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறவர்கள் இருந்தார்கள். ஜொகூர் பாருவில் கப்பல் வேலை பார்த்த ஒருவர், வேறு சோலி எதுவும் இல்லாமல், சாப்பிடுவதற்கென்றே வந்துவிட்டுத் திரும்பிப் போவார் என்று சொல்வார்கள்.

வண்டி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு சக்கரம், ஒரு பலகை, மேலே தகரக் கூரை. பலகையின் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்புச் சட்டி, நடுவில் வாழை இலை. எதிரே உட்கார ஒரு நீளப் பலகை. அடுப்பு வண்டிக்குப் பின்னால் தரையில். அவள் சமைப்பது எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். அதில்தான் அவளுடைய பெருமையே இருந்தது. அங்கம்மா கரண்டியை நாக்கில் வைத்து யாரும் பார்த்ததில்லை. குழம்பு கொதிக்கும்போது கொஞ்சம் குனிவாள், ஆவி முகத்தில் படும், மூக்கால் ஒரு இழுப்பு. உப்பு எவ்வளவு போதவில்லை, புளி எவ்வளவு ஏறியிருக்கிறது, மீன் எத்தனை நேரத்துக்கு முந்தியது, எல்லாம் அந்த ஓர் இழுப்பில் தெரிந்துவிடும்.

வாய் வைக்காததற்குக் காரணம் இருந்தது. அவளும் காளியப்பனும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அங்கிருந்து பிய்த்துக்கொண்டு வந்து இந்த வண்டியைப் போட்ட அன்று, தண்டவாள ஓரம் இருந்த முனியாண்டி கல்லுக்கு முன்னால் காளியப்பன் ஒரு வேண்டுதல் வைத்தான். உனக்கு முன்னால் எவன் வாயும் இந்தக் குழம்பில் படாது, எங்களைத் திரும்ப அந்தத் தோட்டத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதே என்றான். அன்றிலிருந்து முதல் இலை முனியாண்டிக்கு. கல்லுக்கு முன்னால் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்த பிறகுதான் மனிதர்களுக்குப் பரிமாறுவார்கள்.

முனியாண்டி சாப்பிட்டு முடித்த இலை யாருக்குப் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டேஷன் கூட்டுகிற ராசம்மாவுக்குப் போகும். தொட்டால் தீட்டு என்று ஊரார் ஒதுக்கிவைத்த சாதி அவள். கடல் தாண்டி வந்தவர்கள் பெட்டியையும் படுக்கையையும் கொண்டுவந்ததோடு இதையும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ராசம்மா வண்டிப் பக்கம் வரமாட்டாள். கல்லடியில் இருந்து இலையை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆக, பேர் போன அந்தக் குழம்பை ஒவ்வொரு நாளும் முதலில் சாப்பிட்ட மனுஷி அவள்தான். எப்படி இருக்கிறது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அங்கம்மாவுக்கும் அது தோன்றவில்லை. நல்ல மனசு உள்ளவள் என்று பேர் வாங்கியவள்தான் அங்கம்மா, ஆனாலும் தோன்றவில்லை.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் நடந்த முதல் பெரிய சண்டை முடிகிற வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. தோட்டங்களில் கூலிகள் குடியிருந்த லயங்களில் வரிசை வரிசையாக ஆட்கள் படுத்தார்கள். குழி தோண்ட ஆள் கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். காளியப்பனும் அங்கம்மாவும் ஒரே நாளில் படுத்தார்கள். அவள் எழுந்தாள், அவன் எழவில்லை. அவனைக் கொண்டுபோனதுகூட அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

கருமாதி அன்று சாம்பிராணி போட்டார்கள். வீடு முழுக்கப் புகை. கண் எரிந்தது, தொண்டை கமறியது, ஆனால் மணமே இல்லை. துக்கத்தில் ஒன்றும் உறைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அழுது அழுது மூக்கு அடைத்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடைப்பு விட்டது. மணம் வரவில்லை. சூடத்தைக் கசக்கி மூக்கில் வைத்தாள், குளுமை மட்டும் ஏறியது. கருவாட்டைப் பிளந்து பார்த்தாள். மண்ணெண்ணெய் விளக்கைக் குனிந்து முகர்ந்தாள். பச்சைத் தண்ணீரை முகர்ந்தது போலத்தான் இருந்தது.

புருஷன் போனதற்கு அழுதாள், அது வேறு. இது பயம். ஏனென்றால் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். வண்டி போனால் தோட்டம். தோட்டம் என்றால் வீரமுத்து கங்காணி.

வீரமுத்துதான் அவர்களை ஊரில் இருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். தன் கையை விட்டுப் போன இரண்டு ஆட்களை அவர் மறக்கவில்லை. காளியப்பன் செத்த பிறகு வண்டிக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பேசுவார்.

"தனிப் பொம்பளை. ஸ்டேஷன் வாசல்ல எத்தனை நாளைக்கு நிப்ப? லயத்துல ஒரு வீடு காலியா இருக்கு அங்கம்மா. துணைக்கு ஒரு ஆளை நான் ஏற்பாடு பண்றேன்."

"வண்டி ஓடுதுங்க கங்காணியாரே."

"ஓடுற வரைக்கும் ஓடட்டும். நான் என்ன அவசரப்படுத்துறேனா?"

துணைக்கு ஆள் என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் தோட்டத்தில் இருந்தபோது பேச்சியம்மாள் என்று ஒருத்தி தாலியறுத்தாள். கங்காணி அவளுக்கும் துணை பார்த்துக் கொடுத்தார். அந்த ஆள் குடித்துவிட்டு அடித்ததும் வேறொரு துணை. அப்புறம் இன்னொன்று. கடைசியில் அவள் எந்த வீட்டுக்காரி என்று அவளுக்கே தெரியாமல் போனது. ஒரு நாள் பால் வாளியைக் காட்டில் வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தவள் திரும்பவில்லை. அந்த வாளியை எடுத்துக்கொண்டு வந்தது அங்கம்மாதான்.

அதனால் மூக்கு போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அங்கம்மா கைமணம் என்று சொல்லித்தான் ஊரே வந்தது. அந்தக் கையைக் கூட்டிக்கொண்டு போன மூக்கு இல்லை என்று தெரிந்தால் யார் வருவார்கள்? சிரட்டையில் அளந்து உப்புப் போட்டாள். மழைக்காலம், உப்பு நீர்த்துப்போய் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. கொட்டாங்கச்சி அளவு ஒன்றாக இருந்தாலும் குழம்பு ஒன்றாக இல்லை. இலையில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. முன்னெல்லாம் இலையை வழித்துவிட்டு விரலைப் பார்ப்பார்கள். இப்போது பேசாமல் மடித்துவிட்டு எழுந்தார்கள்.

ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தவர் சிற்றம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். வாரத்தில் ஒரு நாள் மீன் சாப்பிடுவதற்காக வண்டிக்கு வருவார். அவர் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, இண்டைக்கு உப்பு கூடிப்போச்சுது. போன கிழமை இன்னும் கூட. உமக்கு மனசு சரியில்லைப் போல."

"ஆமாங்கய்யா, ஒரு ஞாபகமா இல்ல."

"அதுதானே. கொஞ்சம் வாயிலை வைச்சுப் பாத்தால் என்ன?"

வைத்துப் பார்க்கலாம். நாக்குக்கு உப்பு தெரியும், அது அவளுக்கும் தெரியும். இரவு படுத்தால் இதே யோசனைதான். ஆனால் வாய் வைத்தால் காளியப்பன் வைத்த வேண்டுதல் போய்விடும். சாமிக்கு வைத்த பிறகு வாய் வைத்து உப்பைத் திருத்தினால், சாமிக்கு ஒரு குழம்பு மனிதருக்கு ஒரு குழம்பு என்று ஆகிவிடும். வேண்டுதல் போனால் முனியாண்டி எதற்குக் காப்பாற்ற வேண்டும்? தோட்டத்துக்கு அனுப்பாதே என்று கேட்டதற்குக் கொடுத்த விலையே அதுதானே. இந்தக் கணக்கில் சிக்கிக்கொண்டு அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். சொல்லி அழக்கூட ஆள் இல்லை.

மார்கழி மழையில், கடற்கரை ஊரான பத்து பகாட்டுக்குப் போகிற சாலை சேறாகிவிட்டது. அங்கிருந்துதான் மீன் வரும். வழியில் கெடாமல் இருக்கத் தலையை வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவிக் கூடையில் அடுக்கி அனுப்புவார்கள். வர வேண்டிய நாளில் வரவில்லை. மறுநாள் காலையில் வந்தது. தலை இருந்தால் செவுளைப் பிரித்துப் பார்க்கலாம், கண்ணைப் பார்க்கலாம். துண்டு மீனில் என்ன பார்ப்பது? அங்கம்மா ஒரு துண்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள், பழக்க தோஷம். பிறகு விரலால் அழுத்தினாள். கொஞ்சம் தளர்வாக இருந்தது. உப்பில் கிடந்த மீன் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மீன்காரன் போய்விட்டிருந்தான். வேறு மீனும் இல்லை. அன்றைக்கு வண்டி போடாமல் இருந்தால் கங்காணி காதுக்கு எட்டிவிடும். வாங்கிக்கொண்டாள்.

புளியைக் கெட்டியாகக் கரைத்து, வெந்தயம் தாளித்து, மிளகாயை ஒரு கை கூடவே போட்டாள். சட்டி கொதித்ததும் இறக்கி வண்டிப் பலகையில் வைத்தாள். முனியாண்டிக்கு இலை போட்டுவிட்டு வந்தாள். கல்லின் பக்கம் பார்க்கவே அன்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ரயில் வந்துவிட்டது. மழை விட்டிருந்ததால் வழக்கத்தைவிடக் கூட்டம். பலகையின் நடுவில் வீரமுத்து கங்காணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கெமாஸ் போகிற ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகளோடு. எல்லா இலையிலும் சோறு வைத்தாயிற்று. அவள் குழம்புக் கரண்டியை எடுத்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தாயி."

ராசம்மா நின்றுகொண்டிருந்தாள். நிற்க வேண்டிய தூரத்தைவிடக் கிட்டே வந்திருந்தாள்.

"தாயி, மீனு கெட்டுப்போச்சு. ஊத்தாதீங்க."

தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். அங்கம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது. உண்மையாக இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் கங்காணியின் முகத்தைப் பார்த்தாள். என் குழம்பைப் பற்றிச் சொல்ல இவள் யார் என்று ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபம் பயத்துக்கு வசதியாக இருந்தது, இரண்டும் சேர்ந்துகொண்டன.

"போடி அந்தாண்ட. சாப்பிடுற இடத்துல வந்து நின்னுக்கிட்டு."

"வாயில வச்சேன் தாயி. துப்பிட்டேன். பச்சப்புள்ளைங்க இருக்குது."

"போன்னா போ."

அங்கம்மா திரும்பிக்கொண்டாள். கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். ராசம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். நடந்து வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கும் வண்டிக்கும் நடுவில் புகுந்து, கொதி அடங்காத சட்டியின் வயிற்றில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"தொட்டுட்டேன்" என்றாள்.

ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. பிறகு பலகை தலைகீழாகப் போனது. இலை பறந்தது, சோறு சேற்றில் விழுந்தது, ஆளாளுக்கு எழுந்து தள்ளிப் போனார்கள். கெமாஸ் குடும்பத்துக்காரி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அங்கம்மாவுக்குக் கண் இருட்டியது. காளியப்பன், வேண்டுதல், வண்டி, எல்லாம் அந்தச் சட்டியோடு போயிற்று என்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்த கரண்டியாலேயே ராசம்மாவை அடித்தாள். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. இன்னொரு அடி. ராசம்மா தடுக்கவில்லை. சட்டியில் இருந்த கையை மட்டும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

கங்காணி தடியைத் தேடினார். அதற்குள் சத்தம் கேட்டுச் சிற்றம்பலம் வந்துவிட்டார்.

"என்ன இது? ஏன் தொட்டனீ?"

"மீனு ஊசிப்போச்சுங்க சாமி. சொன்னேன். தாயி கேக்கல. வேற எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல."

கங்காணி பாய்ந்தார். "பொய்யி. இவ சொல்லித்தான் அங்கம்மா குழம்பு ஊசினது நமக்குத் தெரியணுமா?"

சட்டி அங்கேயே இருந்தது. மூடியும் இல்லை. கிட்டே போய் முகர்ந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் தீட்டுப்பட்ட சட்டிக்குப் பக்கத்தில் யார் போவார்கள்? அத்தனை பேரும் நல்ல மூக்கை வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். போதாததற்குப் புளியும் மிளகாயும் வேறு காரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. சிற்றம்பலத்தின் கால்கூட ஓர் அடிக்கு மேல் எடுத்து வைக்கவில்லை. படித்த மனிதர்தான்.

அவர் அங்கம்மாவைப் பார்த்தார். "பிள்ளை, ஊரிலை உன்ரை மூக்கைப் போல வேறை இல்லை. நீ மணந்து பாத்துச் சொல்லு. பழுதெண்டால் பழுதெண்டு சொல்லு."

கங்காணி குரலைத் தாழ்த்தி, அன்பாகவே பேசினார்.

"ஒரு வார்த்தை சொல்லு போதும். நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு. இவளை இன்னிக்கே இங்கிருந்து கிளப்பிடலாம். பூசாரியை நான் கூட்டிட்டு வரேன், வண்டிக்குத் தீட்டுக் கழிச்சிடலாம். நாளைக்கே நான் வந்து உக்காந்து சாப்பிடுறேன். நான் சாப்பிட்டா எல்லாரும் சாப்பிடுவாங்க."

அது பொய்யான வாக்கு இல்லை. அவர் உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வண்டி பிழைத்துவிடும். ஒரு வார்த்தைதான்.

அங்கம்மா சட்டிக்கு மேல் குனிந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி முகத்தில் பட்டது. மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் குனிந்து, மூக்கு நுனி குழம்பில் படுகிற அளவுக்குப் போய், நெஞ்சு வலிக்கிற வரைக்கும் இழுத்தாள். வெந்நீரில் முகம் காட்டினது போல இருந்தது. முனியாண்டியைக் கூப்பிட்டாள், காளியப்பனைக் கூப்பிட்டாள், ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் கொடு என்று கெஞ்சினாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

நிமிர்ந்தபோது எதிரே ராசம்மா. நெற்றி ரத்தம் புருவத்தில் இறங்கியிருந்தது. மார்பில் வைத்திருந்த கையைப் பிரித்து அவள் ஊதிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கத் தோல் சுருங்கி வெள்ளையாகிவிட்டிருந்தது. பொய் சொல்கிறவள் அவ்வளவு நேரம் கையை வைத்திருக்க மாட்டாள். ஒரு தொடு தொட்டிருந்தாலே போதும், தீட்டு வந்திருக்கும். கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

அங்கம்மா கங்காணி பக்கம் திரும்பினாள். லயத்து வீடு கண்ணுக்கு முன்னால் நின்றது. பேச்சியம்மாளின் வாளி நின்றது. நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல உதடு பிரிந்ததும் உண்மை. அந்த வார்த்தை வரவில்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

"என்ன தெரியல?" என்றார் கங்காணி.

"மணம் தெரியல. காய்ச்சலோட என் மூக்கு போச்சு. இத்தனை நாளா குருட்டாம்போக்குலதான் ஆக்கிட்டிருந்தேன். ராசம்மா சொன்னா கெட்டதுதான். தெனம் மொதல்ல சாப்பிடுறவ அவ."

சொல்லிவிட்டுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். சுட்டது. தூக்கிக்கொண்டுபோய் வேலி ஓரம் கவிழ்த்தாள். ஈர மண்ணில் மீன் துண்டுகள் உடைந்து சிதறின. புளியும் மிளகாயும் மழைத் தண்ணீரில் ஓடிப்போனதும் நாற்றம் கிளம்பியது. அது அவளுக்குத் தெரியவில்லை. நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கெமாஸ் குடும்பத்துக்காரி தன் பிள்ளைகளின் வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பிள்ளைகளைக் காப்பாற்றினவளுக்கு ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லார் வாயிலும் தொட்டுவிட்டாளே, தொட்டுவிட்டாளே என்பதுதான். எஞ்சின் கூவியது. ஓடினார்கள்.

கங்காணி மட்டும் நின்று வெற்றிலையைத் துப்பினார்.

"மூக்கில்லாதவ ஆக்கி, கூட்டுறவ மோந்து பாத்து, நாங்க திங்கணுமா? நாளைக்கு உன்கிட்ட எவன் வந்து உக்காருறான்னு பாக்குறேன். லயத்து வீடு அப்படியேதான் இருக்கு."

அன்று இரவு அங்கம்மா தூங்கவில்லை. ஆற்றை நினைத்தாள், கப்பலை நினைத்தாள். ஊருக்குத் திரும்பினாலும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். விடிந்ததும் செய்வதற்கு வேறு ஒன்றும் தெரியாததால் அடுப்பை மூட்டினாள்.

அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். வண்டி மட்டும் ஸ்டேஷன் வாசலில் நிலைக்கவில்லை. சில மாதத்தில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டது. மூட்டை தூக்குகிறவர்களும் சாலைக்குக் கல் உடைக்கிறவர்களும் சாப்பிடுகிற இடமாகிவிட்டது. ரயிலில் யாரும் அதன் பேரைச் சொல்லவில்லை. வெளியூரில் இருந்து யாரும் தேடி வரவும் இல்லை. அரைப் பட்டினியும் முழுப் பட்டினியுமாகப் பல வருஷம் அதிலேயே காலம் தள்ளினாள். ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் பகலில் அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ச் சாரியில் சீனர் கோப்பிக் கடையில் கங்காணி நாற்காலியை வண்டிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்ததுதான்.

அன்று கருவாட்டுக் குழம்பு. முனியாண்டிக்கு இலை போட்டாள். ரயில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், வண்டி வரைக்கும்கூட வந்தார்கள். யாரோ ஏதோ சொன்னார்கள், கோப்பிக் கடைப் பக்கம் திரும்பிப் போனார்கள். பலகை காலியாகக் கிடந்தது. அங்கம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்து நின்றாள். சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. கங்காணி அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சும்மா காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமில்லை.

ராசம்மா ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தாள். நெற்றியில் மஞ்சள் அப்பியிருந்தாள். கையில் கந்தல் சுற்றியிருந்தது. கல்லடிக்குப் போவாள் என்று நினைத்து அங்கம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் கல்லடிக்குப் போகவில்லை. துடைப்பத்தை மரத்தில் சாத்தினாள். தெருவில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, நேராக வந்து பலகையின் நடுவில் உட்கார்ந்தாள்.

அங்கம்மா முனியாண்டி கல்லைப் பார்த்தாள். அங்கே இலை அப்படியே இருந்தது.

"அது சாமி சாப்பிட்ட மிச்சம்" என்றாள் ராசம்மா. "எனக்குன்னு ஒரு இலை போடு."

தாயி என்று சொல்லவில்லை. அங்கம்மா இலையை எடுத்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்து, நுனி இடப் பக்கம் வரும்படி விரித்தாள். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். ராசம்மாவுக்கு வலக் கையில்தான் கட்டு. இடக் கையால் பிசைந்து, தடுமாறித் தடுமாறிச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கம்மா எதிரில் நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்ததைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எதைச் சொன்னாலும் பற்றாது என்றும் இருந்தது.

"உப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

ராசம்மா மென்று விழுங்கினாள்.

"கூட" என்றாள். "ரொம்ப நாளாவே கூடத்தான்."

ரயில் கிளம்பிப் போனது. அன்று அந்த வண்டியில் சாப்பிட்டது அவள் ஒருத்திதான்.